உயிர்காக்கும் கருவியின் மென்பொருளை வெளியே கொடுத்துச் செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஐசியூவில் படுக்கைக்குப் பக்கத்தில் கம்பத்தில் மாட்டியிருக்கும் இன்ஃபியூஷன் பம்பைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கு இத்தனை மில்லி என்று நர்ஸ் எண்ணை அழுத்துவார், உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் மருந்தை அதே அளவில் ரத்தக்குழாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஓடும்போது அந்த மோட்டார் சில நிமிடம் நின்றாலும் ஆபத்து, எண்ணில் ஒரு பூஜ்யம் கூடினாலும் ஆபத்து. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏவுக்கு 2005 முதல் 2009 வரை மட்டும் இந்தப் பம்புகளைப் பற்றிச் சுமார் 56,000 அறிக்கைகள் வந்தன. அதே காலத்தில் 87 முறை பம்புகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. காரணங்களில் மென்பொருள் கோளாறும் முக்கியமானது. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை என்று எடுத்துக்கொள்ளும் பம்ப்கூட அதில் இருந்தது.

இப்படி ஒரு கருவியைச் செய்ய நினைக்கும் சிறிய நிறுவனங்கள் சென்னையிலும் கோவையிலும் இப்போது நிறைய வருகின்றன. மெக்கானிக்கல் வேலையும் போர்டு வடிவமைப்பும் கையில் இருக்கும், மென்பொருளுக்கு மட்டும் ஆள் இருக்காது. அதனால் வெளியே ஒரு வெண்டரிடம் கொடுப்பார்கள். நான் முதலில் வெண்டர் பக்கம் டெஸ்டிங் டீமில் இருந்தேன், பிறகு கருவி செய்யும் பக்கம் வந்து வேலையைக் கொடுப்பவராக உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: வெளியே கொடுத்த வேலை கெடுவது பெரும்பாலும் நிரல் எழுதத் தெரியாததால் இல்லை. கொடுத்தவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எழுதியவருக்குச் சொல்லப்படாமல் போவதால்தான் கெடுகிறது. கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காகத்தான்.

உதாரணம் முழுக்க இன்ஃபியூஷன் பம்ப்தான். ரயில், கார், விமானம் என்று நீங்கள் வேறு துறையில் இருந்தால் தர விதிகளின் எண்கள் மாறும், வேலை பெரிதாக மாறாது.

படி 1: ஆபத்துப் பட்டியலை நீங்களே எழுதுங்கள்

வெண்டரைத் தேடத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டியது இது. உங்கள் கருவியால் நோயாளிக்கு என்னென்ன கெடுதல் வரலாம், எப்படி வரும் என்று எழுதுவது. ஐஎஸ்ஓ 14971 என்ற சர்வதேசத் தர விதி இதற்கான முறையைச் சொல்கிறது. இதை வெண்டரிடம் கொடுத்து எழுதச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐசியூவில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாவிட்டாலும் நீங்கள் போய் ஒரு மயக்க மருந்து டாக்டரோடும் இரண்டு நர்ஸ்களோடும் உட்கார்ந்து கேட்க முடியும்.

ஒன்று சொல்கிறேன், ஏன் இது முக்கியம் என்று புரியும். நோயாளி திரும்பிப் படுக்கும்போது குழாய் மடங்கி அடைத்துக்கொள்கிறது. மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும், குழாய்க்குள் அழுத்தம் ஏறும், அலாரம் அடிக்கும், மோட்டார் நிற்கும். நர்ஸ் வந்து மடிப்பை எடுத்துவிடுகிறார். அந்த நொடியில் குழாய்க்குள் தேங்கியிருந்த மருந்து மொத்தமாக உடம்புக்குள் பாய்கிறது. வீரியமான மருந்தாக இருந்தால் அந்தச் சிறு அளவே போதும். அதனால் நல்ல பம்புகள் அலாரம் அடித்ததும் மோட்டாரைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றி அழுத்தத்தைக் குறைக்கும். இந்தக் கதை தெரியாத ஒரு புரோகிராமருக்கு நீங்கள் வெறுமனே 'அடைப்பு வந்தால் மோட்டாரை நிறுத்து' என்று எழுதிக் கொடுத்தால் அவர் நிறுத்துவார், அவ்வளவுதான். டெஸ்ட்டும் பாஸ் ஆகும்.

மருந்து அதிகமாகப் போவது, குறைவாகப் போவது, காற்றுக் குமிழி, பேட்டரி தீர்வது, அலாரமே அடிக்காமல் போவது என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கதை எழுதி எண் போடுங்கள். பின்னால் ஒவ்வொரு ரிக்வயர்மென்ட்டும், அதாவது கருவி என்ன செய்ய வேண்டும் என்று எழுதும் ஒவ்வொரு வரியும், இந்த எண்ணோடு கட்டப்படும்.

அடுத்து, மென்பொருளின் பாதுகாப்பு வகையை முடிவு செய்ய வேண்டும். மருத்துவ மென்பொருளுக்கான தர விதியான ஐஇசி 62304, ஏ, பி, சி என்று மூன்று வகை சொல்கிறது. தவறினால் உயிர்போகலாம், பெரிய காயம் வரலாம் என்றால் சி. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது: 2017ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கருவி விதிகளிலும் ஏ, பி, சி, டி என்று வகை உண்டு. அது முழுக் கருவிக்கான வகை, இது மென்பொருளுக்கான வகை, இரண்டும் வேறு வேறு. வெண்டரோடு பேசும்போது எந்த சி என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுங்கள்.

படி 2: எதைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது

தர விதிப்படி பார்த்தால், நீங்கள் வெளியே கொடுத்த வேலைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 இதை நேராகவே சொல்கிறது. வெண்டர் தப்பு செய்தார் என்பது ஆடிட்டரிடம் பதிலாகாது.

ஆபத்துப் பட்டியல், முழுக் கருவிக்கான ரிக்வயர்மென்ட், ஆர்க்கிடெக்சரின், அதாவது ஒட்டுமொத்தக் கட்டமைப்பின், பெரிய முடிவுகள், நர்ஸ்களை வைத்துப் பார்க்கும் இறுதிச் சோதனை, ரிலீஸ் கையெழுத்து, விற்ற பிறகு வரும் புகார்கள், இவை உங்களிடமே இருக்கட்டும். திரை, ஹார்டுவேரை இயக்கும் டிரைவர் நிரல், தகவல் தொடர்பு, ஒவ்வொரு பகுதியையும் தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட், பகுதிகளைச் சேர்த்துச் சோதிக்கும் இன்டக்ரேஷன் டெஸ்ட் இவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரலைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்களிடம் அதை வரிவரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அப்படி ஒருவரும் இல்லையென்றால் முதலில் அவரை வேலைக்கு எடுங்கள், வெண்டரைப் பிறகு பார்க்கலாம்.

ஆர்க்கிடெக்சரில் ஒரு முடிவு இங்கே பெரிய உதவி செய்யும். திரைக்கு ஒரு பிராசஸர், மோட்டாரைக் கண்காணித்துத் தப்பு நடந்தால் நிறுத்த இன்னொரு சிறிய தனிப் பிராசஸர் என்று பிரித்துவிட்டால், கடுமையான சோதனை தேவைப்படும் நிரலின் அளவு சுருங்கும். அந்தச் சிறு பகுதியை உங்கள் ஆளே எழுதலாம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு புற்றுநோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சைக் கொடுத்த தெராக்-25 கருவியின் கதை இதைத்தான் காட்டுகிறது. அதற்கு முந்தைய தெராக்-20இல் ஹார்டுவேர் தடுப்புகள் இருந்தன. புதிய கருவியில் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். பழைய கருவியிலும் அதே மென்பொருள் பிழைகளில் ஒன்று இருந்தது, ஆனால் ஹார்டுவேர் தடுத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நிரல் எழுதுவதையும் சோதிப்பதையும் ஒரே வெண்டரிடம் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். விமான மென்பொருளுக்கான டிஓ-178சி என்ற தர விதியில் மிக ஆபத்தான ஏ நிலைக்கு 71 குறிக்கோள்கள், அதில் 30 குறிக்கோள்களை அந்த வேலையைச் செய்யாத வேறொருவர் சரிபார்க்க வேண்டும். ரயில் துறையிலும் சரிபார்ப்பவர் தனி ஆளாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. மருத்துவத்தில் அவ்வளவு கறாரான விதி இல்லை, ஆனால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனமாக இருந்தாலும் எழுதியவர் வேறு, டெஸ்ட் எழுதுபவர் வேறு, இருவருக்கும் மேலதிகாரியும் வேறு. முழுப் பம்பையும் வைத்து எடை பார்க்கும் சோதனை, அதாவது பம்ப் தள்ளிய திரவத்தைத் துல்லியமான தராசில் பிடித்து அளப்பது, அது உங்கள் லேபிலேயே நடக்கட்டும்.

படி 3: ரிக்வயர்மென்ட்டை எழுதுவது

உங்கள் நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்கினாலும் தப்பில்லை.

1999 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போன நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் கிரகத்துக்கு ரொம்ப நெருக்கமாகப் போய்த் தொலைந்தது. விண்கலத்தைச் செய்து கொடுத்த லாக்ஹீட் மார்ட்டின் பக்கத்திலிருந்து வந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, பயணத்தை நடத்திய நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் மென்பொருள் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. பலர் கவனிக்காத விஷயம் என்னவென்றால், இரண்டு தரப்புக்கும் இடையிலான ஆவணத்தில் மெட்ரிக் அலகுதான் என்று தெளிவாக எழுதியிருந்தது! எழுதியது போதவில்லை, எழுதியபடி வந்திருக்கிறதா என்று இரண்டு மென்பொருளையும் சேர்த்து வைத்து யாரும் முழுதாக ஓட்டிப் பார்க்கவில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1996 ஜூன் 4ஆம் தேதி, ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிச் சுமார் 40 விநாடியில் வெடித்தது. ஏரியான் 4-இல் நன்றாக ஓடிய வழிகாட்டிக் கருவியின் மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம், அதிலிருந்து வந்த ஒரு எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. விசாரணைக் குழு சொன்னதில் எனக்கு மறக்காத இடம் இது: அந்தக் கருவிக்கான ரிக்வயர்மென்ட்டில் ஏரியான் 5-இன் பாதை விவரங்களைச் சேர்க்க வேண்டாம் என்று எல்லாத் தரப்பும் சேர்ந்தே ஒத்துக்கொண்டிருந்தார்கள். சப்ளையரின் நிரல், அவர்களுக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகச் செய்தது.

சரி, பம்புக்கு வருவோம். 'அடைப்பு வந்தால் உடனே அலாரம் அடிக்க வேண்டும்' என்பது ரிக்வயர்மென்ட் கிடையாது. உடனே என்றால் எத்தனை விநாடி? அடைப்பு என்றால் எவ்வளவு அழுத்தம், எந்த அலகில்? நர்ஸ் அலாரத்தை அமைதிப்படுத்தினால் எவ்வளவு நேரத்தில் மறுபடி அடிக்கும்? இதையே இப்படி எழுதலாம்: குழாய் அழுத்தம் நர்ஸ் அமைத்த வரம்பைத் தாண்டியதிலிருந்து 2 விநாடிக்குள் மோட்டார் நிற்க வேண்டும், உயர் அலாரம் அடிக்க வேண்டும், மோட்டார் பின்சுற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், காரணம், ஆபத்து எண் 7, அடைப்பு நீங்கும்போது தேங்கிய மருந்து பாய்வது. 2 விநாடி என்பது நான் இங்கே உதாரணத்துக்குப் போட்டது, உங்கள் எண்ணை உங்கள் மோட்டாரும் மருந்தும் முடிவு செய்யும். ஆனால் அந்தக் கடைசிப் பகுதி, அந்தக் காரணம், அது ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். ஏன் என்று தெரிந்த புரோகிராமர் நீங்கள் மறந்துபோன சூழலையும் யோசிப்பார்.

இதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். டெஸ்டிங் டீமில் இருந்தபோது வெளிநாட்டு கிளையன்ட் ஒருவரின் கருவிக்கு டெஸ்ட் கேஸ் எழுதிக்கொண்டிருந்தோம். திரையில் மருந்தளவை ஒரு தசமத்தோடு காட்ட வேண்டும் என்று ரிக்வயர்மென்ட் சொன்னது, அதனால் 5 என்று அமைத்தால் 5.0 என்று வந்தது. அந்தத் திரையில் புள்ளி ரொம்பச் சின்னது, இரண்டடி தள்ளி நின்றால் 50 மாதிரித் தெரிந்தது. மருந்து எழுதும்போது 5.0 என்று எழுதாதே, .5 என்றும் எழுதாதே என்பது மருத்துவமனைகளில் சொல்லிக்கொடுக்கும் பழைய விதி, எங்களுக்கு அன்று அது தெரியாது. எனக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் உறுத்தியது. ஸ்பெக்கில் இருப்பது போலத்தானே வருகிறது, பாஸ் போடு என்றார் எங்கள் லீட். பாஸ் போட்டோம். மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ கிளையன்ட்டோடு நடந்த போன் காலில் பேச்சுவாக்கில் சொன்னேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அன்று மாலையே ரிக்வயர்மென்ட் மாறியது. அந்த மூன்று வாரம் இன்றும் எனக்கு உறுத்தல்தான். கேட்க வழி இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்போம்.

அதனால் ஒரு கேள்விப் பதிவேட்டை முதல் நாளே திறந்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்த டெஸ்ட்டர்கூட நேரடியாக எழுதலாம், லீடைக் கேட்கத் தேவையில்லை, இரண்டு வேலை நாளுக்குள் உங்கள் பக்கம் பதில் வரும் என்று சொல்லிவிடுங்கள், சொன்னபடி செய்யுங்கள். நம் ஊரில் 'சரி சார்' என்று சொல்லிவிட்டுப் போவது மரியாதை. தெரியாமல் கேட்டால் திறமை இல்லை என்று நினைப்பார்களோ என்ற பயமும் உண்டு. முதல் கூட்டத்திலேயே, கேள்வி வராத வாரம்தான் எனக்குக் கவலை என்று சொல்லுங்கள், நல்ல கேள்வி கேட்டவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள்.

படி 4: வெண்டரைத் தேர்ந்தெடுப்பது

ஐஎஸ்ஓ 13485 சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். முன்பு செய்த வேலையில் ஒரு பக்கை, அதாவது மென்பொருள் பிழையை, பதிவேட்டில் திறந்ததிலிருந்து மூடியது வரை உள்ள பதிவை, கிளையன்ட் பெயரை மறைத்துவிட்டு, காட்டச் சொல்லுங்கள். யார் கண்டுபிடித்தார், நோயாளிக்கு என்ன ஆபத்து என்று யோசித்தார்களா, சரிசெய்த பிறகு எதையெல்லாம் மறுபடி சோதித்தார்கள் என்று அந்த ஒரு பதிவிலேயே தெரிந்துவிடும். உங்கள் வேலையைச் செய்யப்போகும் ஆட்களையே சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். விற்பனைக் கூட்டத்தில் வருபவர் இருபது வருட அனுபவக்காரராக இருப்பார், நிரல் எழுதுபவர் போன மாதம் சேர்ந்தவராக இருப்பார். போன மாதம் சேர்ந்தவர் இருப்பது தப்பில்லை, அவர் வேலையைப் படித்துப் பார்க்கும் சீனியர் யார், அவர் ஒரே நேரத்தில் எத்தனை புராஜெக்ட் பார்க்கிறார் என்பதுதான் கேள்வி.

பிறகு காசு கொடுத்து இரண்டு மூன்று வாரச் சிறு வேலை ஒன்றைக் கொடுங்கள். அதன் ரிக்வயர்மென்ட்டில் வேண்டுமென்றே இரண்டு ஓட்டை விடுங்கள், ஓர் இடத்தில் அலகை எழுதாமல் விடலாம், இன்னோர் இடத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வரிகளைப் போடலாம். கேட்டு வருகிற டீமை எடுங்கள். தாமாகவே ஒன்றை முடிவுசெய்து அழகாகச் செய்து கொடுக்கும் டீம் வேறு வேலைக்கு நல்ல டீமாக இருக்கலாம், இந்த வேலைக்கு வேண்டாம்.

விலைப்பட்டியலில் சோதனைக்கும் ஆவணத்துக்கும் தனித்தனியாகத் தொகை போட்டிருக்கிறார்களா பாருங்கள். போடவில்லையென்றால் காலம் நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான்.

படி 5: ஒப்பந்தம்

நிரல் யாருக்குச் சொந்தம் என்பதிலிருந்து தொடங்குங்கள். காசு கொடுத்தவருக்குத்தானே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் ஊழியர் எழுதியது உங்களுக்கு வரும், வெளி நிறுவனம் எழுதிக் கொடுத்தது தானாக வராது. எழுத்து மூலம் மாற்றித்தர வேண்டும். அதிலும் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். மருத்துவக் கருவி சந்தைக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 17, 19 பிரிவுகளைச் சொல்லி வக்கீலிடம் காட்டி எழுதி வாங்குங்கள்.

அப்புறம் கார் துறையிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தைக் கடன் வாங்கலாம். ஐஎஸ்ஓ 26262 விதியில், வேலையைப் பிரித்துச் செய்யும் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே ஓர் இடைமுக ஒப்பந்தம் வேண்டும் என்று இருக்கிறது. எந்த ஆவணத்தை யார் எழுதுவார், யார் பார்ப்பார், யார் ஒப்புதல் தருவார் என்று வரிசையாக ஓர் அட்டவணை. மருத்துவத்தில் இந்தப் பெயரில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் இந்த அட்டவணை ஒன்று இருந்தால் பாதிச் சண்டை வராது.

ஐரோப்பாவில் விற்க நினைத்தால், அங்கே சான்றிதழ் தரும் அமைப்பின் ஆடிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் உங்களிடம் வரலாம், தேவைப்பட்டால் உங்கள் சப்ளையரிடமும் போகலாம். வெண்டர் கதவைத் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆவணங்களைக் கடைசிக் கருவியை விற்ற பிறகும் 10 ஆண்டு, உடம்புக்குள் பொருத்தும் கருவியென்றால் 15 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெண்டர் அதுவரை இருப்பாரா என்று தெரியாது, அதனால் எல்லாவற்றின் நகலும் உங்களிடம் வந்துவிட வேண்டும். உங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் வேறொருவருக்கு உள் ஒப்பந்தம் விடக்கூடாது என்பதும் கண்டிப்பாக வேண்டும்.

பணத்தை எதோடு கட்டுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். டெஸ்ட் கேஸ் எண்ணிக்கையோடு கட்டினால் எண்ணிக்கை வரும். கண்டுபிடித்த பக் ஒவ்வொன்றுக்கும் அபராதம் போட்டால் பக்குகள் பதிவேட்டுக்கு வராமல் வாட்ஸ்அப்பிலேயே தீர்ந்துவிடும். ஒரு பகுதியின் ரிக்வயர்மென்ட், வடிவமைப்பு, நிரல், ரிவ்யூ பதிவு, டெஸ்ட் முடிவு எல்லாம் ஒன்றோடொன்று கட்டப்பட்டு நீங்கள் படித்து ஒத்துக்கொண்ட பிறகு பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வேலை நடக்கும்போது

நிரல் வைக்கும் இடமும் பக் பதிவேடும் உங்கள் கணக்கில் இருக்கட்டும், வெண்டர் அதற்குள் வந்து வேலை செய்யட்டும். ஆபத்திலிருந்து ரிக்வயர்மென்ட், அங்கிருந்து நிரல், அங்கிருந்து டெஸ்ட் என்ற சங்கிலியை முதல் வாரத்திலிருந்தே கட்டச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் உட்கார்ந்து எக்ஸெலில் நிரப்பிய சங்கிலியை அனுபவமுள்ள ஆடிட்டர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார், நோயாளிக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

சி என்ற நிரல் மொழியில் எழுதுவதாக இருந்தால் பாதுகாப்பாக எழுதுவதற்கான மிஸ்ரா விதிகளின் சரிபார்ப்பும், நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஒரு ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கருவியும் தினமும் ஓட வேண்டும். வெளியிலிருந்து எடுத்துப் போட்ட நிரல், உதாரணமாக ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு கருவிகளுக்கான இயங்குதளம், எந்தப் பதிப்பு, அதில் தெரிந்த பிழைகள் என்ன, அவை உங்கள் பம்பைப் பாதிக்குமா என்று ஒரு பட்டியல் வேண்டும்.

பம்பையே வெண்டருக்குக் கொடுங்கள், ஒன்று கொடுத்துவிட்டு எழுதுபவரும் சோதிப்பவரும் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று விடாதீர்கள், மூன்று நான்காவது வேண்டும். சிமுலேட்டரில் மோட்டார் சூடாகாது, சிக்கிக்கொள்ளாது, பொத்தான் அதிராது. வாரம் ஒரு முறை கருவியில் ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். முடிந்தால் வெண்டரின் டீமை ஒரு நாள் ஐசியூவுக்கு அழைத்துப் போங்கள், மருத்துவமனை அனுமதியோடு. நான் அழைத்துப் போன டீம் திரும்பி வந்த வாரத்தில் கேள்விப் பதிவேட்டில் வந்த கேள்விகள் முன்பு இரண்டு மாதத்தில் வந்ததைவிட நல்ல கேள்விகள்.

படி 7: சோதனை

கவரேஜ் எண்ணை, அதாவது நிரலில் எத்தனை சதவீதத்தை டெஸ்ட்டுகள் தொட்டன என்ற கணக்கை, பார்த்து மயங்காதீர்கள். ஐஇசி 62304 எவ்வளவு கவரேஜ் வேண்டும் என்று சொல்வதில்லை, நீங்கள்தான் முடிவுசெய்து எழுத வேண்டும். விமானத் துறையின் ஏ நிலைக்கு எம்சி/டிசி என்ற கறாரான அளவு உண்டு. கதவு திறந்தாலோ குழாயில் காற்று வந்தாலோ மோட்டார் நிற்க வேண்டும் என்றால், கதவு மட்டும் தனியாக மோட்டாரை நிறுத்துகிறது என்றும், காற்று மட்டும் தனியாக நிறுத்துகிறது என்றும் காட்ட வேண்டும். மோட்டாரைத் தொடும் நிரலுக்கு இந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து, திரைக்கு வேண்டாம்.

நூறு சதவீதம் வந்துவிட்டது என்று காட்டினால், அதில் பத்து டெஸ்ட் கேஸை நீங்களே எடுத்துப் படியுங்கள். எதிர்பார்க்கும் விடை எங்கிருந்து வந்தது? ரிக்வயர்மென்ட்டிலிருந்தா, நிரலை ஓட்டிப் பார்த்து வந்ததை எடுத்து எழுதியதா? இரண்டாவது என்றால் அந்த டெஸ்ட் எந்தப் பிழையையும் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் நிரலில் நீங்களே நாலைந்து பிழையை வைத்து, கூட்டலைக் கழித்தலாக, பெரியதைச் சிறியதாக மாற்றி, டெஸ்ட்டை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். எத்தனை பிடிபடுகிறது என்று பார்த்தால் போதும்.

எண் நிரம்பி வழிவதைத் தனியாகச் சோதியுங்கள். தெராக்-25இன் ஒரு பிழையில், ஒரு பைட் அளவுள்ள எண் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போய் 256ஆவது முறை பூஜ்யமாகும், பூஜ்யம் என்றால் சரிபார்க்கத் தேவையில்லை என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மில்லிவிநாடிகளை எண்ணும் 32 பிட் எண் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஐசியூ பம்ப் மாதக்கணக்கில் அணைக்கப்படாமல் கிடக்கலாம். ஐம்பது நாள் காத்திருக்கத் தேவையில்லை, எண்ணை அந்த எல்லைக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கும்படி சோதனைக்கென்றே ஒரு டெஸ்ட் பில்டு, அதாவது தனிப் பதிப்பு, கேளுங்கள்.

பொத்தானை வேகமாக அழுத்துவது, கையுறையோடு அழுத்துவது, மருந்து ஓடும்போது பேட்டரியைப் பிடுங்குவது, சென்சார் ஒயரைக் கழற்றுவது, இவை எல்லாம் கையால் செய்து பார்க்க வேண்டியவை. நல்ல டெஸ்ட்டருக்கு இது பிடிக்கும்.

படி 8: ஏற்றுக்கொள்வதும் ரிலீஸும்

வெண்டர் அனுப்பிய பைனரியை, அதாவது கருவியில் ஓடத் தயாராக மாற்றப்பட்ட கோப்பை, ஏற்காதீர்கள். நிரலை எடுத்து, எழுதிக் கொடுத்த குறிப்பை மட்டும் பார்த்து, உங்கள் அலுவலகக் கணினியில் நீங்களே பில்டு செய்ய வேண்டும். வரவில்லையென்றால் வேலை முடியவில்லை.

நீங்கள் விற்கப்போகும் எல்லா வடிவத்திலும் சோதியுங்கள். போயிங் 737 மேக்ஸில், மூக்கு எந்தக் கோணத்தில் காற்றை எதிர்கொள்கிறது என்று அளக்கும் இரண்டு உணரிகள் வேறு வேறு அளவு காட்டினால் விமானிக்கு எச்சரிக்கை வர வேண்டும் என்பது எல்லா விமானத்துக்குமான ரிக்வயர்மென்ட். ஆனால் டெலிவரி ஆன திரை மென்பொருளில், தனியாக வாங்கிச் சேர்க்கும் ஒரு வசதி இருந்தால்தான் அந்த எச்சரிக்கை வேலை செய்தது. விமானங்களை விற்கத் தொடங்கிச் சில மாதம் கழித்து 2017இல்தான் போயிங் இதைக் கவனித்தது, 2019இல் அதை அதுவே வெளியே சொன்னது. பம்பில் உங்களுக்கு வைஃபை உள்ளது, இல்லாதது, மருந்துப் பட்டியல் உள்ளது, இல்லாதது என்று நான்கு வடிவம் இருந்தால் அலாரச் சோதனை நான்கிலும் நடக்க வேண்டும்.

மூடாமல் விட்ட பக்குகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை விட்டு வைத்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியை எழுதுவது நீங்கள், வெண்டர் இல்லை.

படி 9: ரிலீஸுக்குப் பிறகு

வெண்டரின் டீம் கலைந்துவிடும், வேறு புராஜெக்ட்டுக்குப் போவார்கள், அது இயல்பு. இரண்டு பேராவது குறைந்தது ஓராண்டுக்கு, மாதத்தில் சில நாளாவது, உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

சின்ன மாற்றம்தானே என்று யாராவது சொன்னால் ஆபத்துப் பட்டியலை மறுபடி திறங்கள். அதே 737 மேக்ஸில் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்காஸ் என்ற மென்பொருள் வால் இறக்கையை ஒரு முறைக்கு 0.6 டிகிரி திருப்பலாம் என்று முதலில் இருந்தது, பிறகு அது 2.5 டிகிரி ஆனது. பாதுகாப்பு மதிப்பீடு பழைய எண்ணோடே நின்றது. இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து வரும் ஒவ்வொரு புகாரின் நகலையும், நோயாளி விவரத்தை நீக்கிவிட்டு, அந்தப் பகுதியை எழுதியவருக்கும் சோதித்தவருக்கும் அனுப்புங்கள், மேனேஜர் வழியாக இல்லாமல் நேராக. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் காரணமில்லாமல் அடித்தது என்று ஒரு நர்ஸ் எழுதிய நான்கு வரியைப் படித்துவிட்டு, எங்கள் பழைய வெண்டரில் ஒரு டெஸ்ட்டர் மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்தார். அவருடைய புராஜெக்ட் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இதை எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றார்.